மும்பையில் ஏழைகளிடம்தான் ஓட்டு அதிகம். அப்புறம் ஏன் அதிகாரம் பணக்காரர்களிடமே இருக்கிறது?

வேலைக்காக மும்பை வந்து, சாயன் பக்கம் தகரக் கூரைகளையும் கொஞ்ச தூரத்தில் பாந்த்ரா குர்லா காம்ப்ளக்ஸின் கண்ணாடிக் கட்டடங்களையும் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே பிறந்தவன். அப்பா 1978-ல் நெல்லைப் பக்கமிருந்து தாராவிக்குத் தோல் வேலைக்கு வந்தவர்.

எங்களுக்கு ஓட்டு என்பது முதலில் குடியிருப்புச் சான்று, மற்றதெல்லாம் அப்புறம்தான். 1995-ல் மகாராஷ்டிர அரசு குடிசைவாசிகளுக்கு இலவச வீட்டுத் திட்டம் கொண்டுவந்தபோது, அந்த வருடம் ஜனவரி 1-ம் தேதி வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள். அதனால் அப்பா அந்தப் பட்டியலின் நகலை டிரங்குப் பெட்டியில், அம்மாவின் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்திருந்தார்.

2003-ல் எங்கள் குடிசை வரிசையை இடித்து அந்தத் திட்டத்தில் வீடு கட்ட ஒரு பில்டர் வந்தார். அப்போது நூற்றுக்கு 70 வீட்டுக்காரர்கள் சம்மதித்தால் போதும். கமிட்டிக்காரர் ராத்திரி பத்து மணிக்கு ஒரு கையில் பேடா டப்பா, ஒரு கையில் மை டப்பாவோடு வந்தார். அம்மாவுக்கு மராத்தி படிக்கத் தெரியாது. கட்டைவிரலை வைத்தாள். மை போகவில்லை என்று தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

அப்புறம்தான் சிக்கல். பட்டியலில் அப்பா பெயரில் ஒரு எழுத்து தப்பு. "இது நீங்கள்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்றார் ஓர் அதிகாரி. பிரமாணப் பத்திரம், நோட்டரி என்று ஏழு மாதம் அலைந்தார் அப்பா. எத்தனை நாள் கூலி போனது! அதே தப்பான பெயரில் அவர் மூன்று தேர்தலில் ஓட்டுப் போட்டிருக்கிறார். அப்போது அந்த எழுத்து யார் கண்ணிலும் படவில்லை.

எட்டு வருடம் தற்காலிகக் கொட்டகையில் இருந்து, 2011-ல் 225 சதுர அடி வீடு கிடைத்தது. 'ஓசியில் வீடு வாங்கிவிட்டுப் பேசுகிறான்' என்று சொல்ல வருபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எங்களுக்குக் கட்டித் தருவதற்கு ஈடாக, அதே நிலத்தில் கூடுதலாகக் கட்டி விற்க பில்டருக்கு அரசு உரிமை கொடுக்கிறது. எத்தனை மாடி கூடுதல் என்று முடிவு செய்யும் இடத்தில்தான் உண்மையான காசு இருக்கிறது. எங்கள் ஓட்டு அந்த அறை வரைக்கும் போவதில்லை. நான் எந்தக் கட்சியிலும் இல்லை. எல்லாக் கட்சி ஆட்சியிலும் இதைப் பார்த்திருக்கிறேன்.

மாநகராட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டிலேயே பணக்கார மாநகராட்சி. 2024-25 பட்ஜெட் 59,000 கோடிக்கு மேல். ஆனால் 2022 மார்ச்சில் மன்றத்தின் காலம் முடிந்த பிறகு மூன்று வருடத்துக்கும் மேலாகத் தேர்தலே நடக்கவில்லை, 2026 ஜனவரியில்தான் நடந்தது. அதுவரை 227 வார்டுக்கும் கவுன்சிலர் இல்லை. வசதியானவர்களுக்கு மேலிடத்தில் பேச ஆள் இருக்கும். சாக்கடை அடைத்தால் நாங்கள் கதவு தட்ட இருந்தது கவுன்சிலர் வீடு ஒன்றுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். தமிழ் சினிமாவில் தாராவி என்றாலே தாதாவும் கத்தியும்தான். பொண்ணு பார்க்க ஊருக்குப் போனபோது, "உங்க ஏரியாவுல ராத்திரி வெளிய வர முடியுமா?" என்று கேட்டார்கள். விடிகாலை நாலு மணிக்கே எழுந்து இட்லி அவித்து, தலையில் சுமந்து போய் விற்கும் எங்கள் ஆட்களை யாரும் படம் எடுப்பதில்லை. இன்னும் ஆறவில்லை எனக்கு.

சரி. அக்கா இப்போதும் தாராவியில்தான், ஒரு வீட்டின் மேல்மாடியில் இருக்கிறாள். 2022 நவம்பரில் தாராவி மறுசீரமைப்பு ஏலத்தை அதானி குழுமம் 5,069 கோடிக்கு எடுத்தது. அறிவித்த திட்டப்படி, 2000-க்கு முன்பிருந்து கீழ்த்தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி இலவசம். மேல்மாடிக்காரர்களுக்குத் தாராவிக்கு வெளியேதான் வீடு, அதுவும் தவணை கட்டி. அக்கா பிள்ளைகள் படிப்பது, மாமா வேலை பார்ப்பது எல்லாமே தாராவிக்குள்தான்.

அப்பாவின் டிரங்குப் பெட்டி இப்போது அவளிடம் இருக்கிறது, அந்த வாக்காளர் பட்டியல் மட்டும் என்னிடம். கரண்ட் பில்லை மாதம் தவறாமல் அதில் போட்டு வைக்கிறாள். போன வாரம் போன் செய்து, "தம்பி, அப்பா பேர் இருக்குற அந்த லிஸ்ட் ஒரு ஜெராக்ஸ் வேணும்டா" என்றாள்.