ஜிம்முக்கே போங்கள், சகோதரி

கேள்வி: எனக்கு வயது 44. ஒரு பள்ளியில் அலுவலக வேலை. போன மாதம் எடுத்த இரத்தப் பரிசோதனையில், சர்க்கரை அளவைக் காட்டுகிற ஹெச்பிஏ1சி 6.1 என்று வந்தது. சர்க்கரை இன்னும் வரவில்லை, ஆனால் வாசல்வரை வந்து நிற்கிறது என்றார் டாக்டர். நடைப்பயிற்சியோடு எடை தூக்கும் பயிற்சியும் செய்யச் சொன்னார். பக்கத்துத் தெரு ஜிம்மில் பெண்களுக்குத் தனி நேரம் உண்டு, மாதம் 1,200 ரூபாய். என் கணவரோ, "யூடியூபைப் பார்த்து வீட்டிலேயே செய், இதற்கு எதற்குக் காசு?" என்கிறார். அவர் போன வருஷம் ஒரு வருஷக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டு இரண்டு மாதம்கூடப் போகவில்லை, நானும் அப்படித்தான் விட்டுவிடுவேன் என்று நினைக்கிறார். வீடா, ஜிம்மா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: ஜிம்முக்குப் போங்கள்.

இதே கேள்வியை உங்கள் கணவர் கேட்டிருந்தால் வீட்டிலேயே செய்யுங்கள் என்று எழுதியிருப்பேன். ஆளுக்கொரு பதிலா என்று கேட்பீர்கள். ஆமாம், ஏனென்றால் ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும் உங்கள் வீடும் அவர் வீடும் வேறு வேறு. நான் ஒன்பது வருஷமாக மொட்டைமாடியில்தான் உடற்பயிற்சி செய்கிறேன், தண்டால், பஸ்கி, ஒரு ஜோடி டம்பெல், அவ்வளவுதான். காலை ஆறு மணியிலிருந்து ஆறே முக்கால் வரை வீட்டில் ஒருவரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். அதை என்னுடைய கட்டுப்பாடு என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் என் மனைவியும் அதே மாடியில் பாயை விரித்து ஆரம்பித்தார். முக்கால் மணி நேரத்துக்குள் ஐந்து தடவை கீழே இறங்கிப் போனார். பால்காரர், குக்கர், பையனுடைய பெல்ட், என் அம்மாவின் மாத்திரை, மறுபடியும் பையன். ஐந்து தடவையும் கூப்பிட்டது அவரைத்தான், பக்கத்திலேயே நின்றிருந்த என்னை இல்லை. இத்தனை வருஷமாக என்னுடைய அந்த முக்கால் மணி நேரத்தை யார் காவல் காத்துக் கொடுத்தார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, 2024-இல் எடுத்தது, சொல்கிறது: சம்பளமில்லாத வீட்டு வேலை பார்க்கும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். அந்த 88-உம் வீட்டு வேலை பார்க்கிற ஆண்களுடைய சராசரிதான், கையே வைக்காதவர்கள் அந்தச் சராசரியில் வரமாட்டார்கள். ஆக, "வீட்டிலேயே செய்" என்று ஒரு பெண்ணிடம் சொல்லும்போது, ஐந்து மணி நேர வேலை காத்துக்கொண்டிருக்கிற இடத்திலேயே இன்னொரு வேலையையும் சேர்த்துக்கொள் என்றுதான் சொல்கிறோம். எது முதலில் தள்ளிப்போகும் என்று உங்களுக்கே தெரியும். ஜிம்மில் குக்கர் சத்தம் கேட்காது. நான் அங்கே போகச் சொல்வதற்கு முதல் காரணம் அதுதான், மெஷினெல்லாம் அப்புறம்.

வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே என்று யாராவது ஒரு பெரியவர் கட்டாயம் சொல்வார். உலக சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் போட்ட கணக்கின்படி, 2022-இல் இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்குப் போதிய உடலியக்கம் இல்லை, ஆண்களில் 42 சதவீதம் பேருக்கு இல்லை. வீட்டில் செய்கிற வேலையையும் சேர்த்து எண்ணிய பிறகும் இந்த நிலை. அடுப்படியில் நின்றே கால் வலிக்கும், முதுகு பிடித்துக்கொள்ளும், ஆனால் தசைக்குப் பலம் ஏறாது. நேற்று தூக்கியதைவிட இன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்கச் சொன்னால்தான் அது வளரும், தோசைக்கல் எத்தனை வருஷம் ஆனாலும் அதே எடைதான்.

உங்கள் டாக்டர் எடை தூக்கச் சொன்னதை நான் இன்னும் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நடைப்பயிற்சி சொல்கிற டாக்டர்கள் நிறைய, இதையும் சேர்த்துச் சொல்கிறவர்கள் குறைவு. சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் ஏறுகிற சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிச் சேர்த்துவைப்பது நம் தசைகள்தான். முப்பது வயதுக்கு மேல் கவனிக்காமல் விட்டால் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வரும், அதாவது சர்க்கரையைக் கொட்டிவைக்கிற குதிர் சின்னதாகிக்கொண்டே போகும், நாம் கொட்டுகிற அளவோ அப்படியே இருக்கும். பெண்களுக்கு இன்னொன்றும் உண்டு. மாதவிடாய் நிற்கிற சமயத்திலிருந்து எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறையும். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த பாட்டியை நம் எல்லார் வீட்டிலும் பார்த்திருக்கிறோம். அந்த வீழ்ச்சிக்கான தடுப்பு வேலையை ஆரம்பிக்க 44 நல்ல வயது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலியக்கம், அதோடு குறைந்தது இரண்டு நாள் தசைக்கான பயிற்சி. நாம் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு பார்க்கைச் சுற்றி வருகிறோம்.

எடை தூக்கினால் ஆம்பிளை மாதிரி ஆகிவிடுவோமோ என்ற பயம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஆண்களுக்கு அப்படித் தசை ஏற்றுகிற ஹார்மோன் பெண்கள் உடலில் பல மடங்கு குறைவு. டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய மீராபாய் சானு போட்டியிட்டது 49 கிலோ பிரிவில், இரண்டு வகைத் தூக்கலையும் சேர்த்து 202 கிலோ தூக்கினார். மேடையில் அவர் எவ்வளவு சின்ன உருவமாக நின்றார் என்று ஞாபகம் இருக்கும்.

சரி, காசு. உங்கள் கணவர் ஏமாந்த இடம் ஜிம் இல்லை, அந்த ஒரு வருஷக் கட்டணம். இது அவருக்கு மட்டும் நடந்ததும் இல்லை. அமெரிக்காவில் டெல்லவிக்னா, மால்மெண்டியர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் மூன்று ஜிம்களில் 7,752 பேரின் வருகைப் பதிவை அலசி 2006-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 தடவைதான் போயிருந்தார்கள். கணக்குப் போட்டால் ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் ஆகிறது, பத்து தடவைக்கான சீட்டு வாங்கியிருந்தால் தடவைக்குப் பத்து டாலர்தான் ஆகியிருக்கும். இதைவிட நிறையத் தடவை போவோம் என்று நம்பித்தான் கட்டியிருப்பார்கள் என்பது அந்த அறிஞர்களின் கணிப்பு. மாதக் கட்டணத்திலேயே இப்படி என்றால், ஒரு வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டுவதைக் கேட்கவே வேண்டாம். அதனால் நீங்கள் மாதாமாதம் கட்டுங்கள். "இன்றைக்கே ஒரு வருஷத்துக்குக் கட்டினால் பாதி விலை" என்று கவுண்டரில் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மூன்று மாதத்துக்கு 3,600 ரூபாய் ஆகும். ஹெச்பிஏ1சி காட்டுவது கிட்டத்தட்ட கடந்த மூன்று மாதத்தின் சராசரி என்பதால், மூன்று மாதம் முடிந்ததும் மறுபடியும் பரிசோதனை செய்து, வந்த எண்ணை வைத்து மேற்கொண்டு முடிவெடுக்கலாம்.

சேருவதற்கு முன்னால் அந்தப் பெண்கள் நேரத்தில் ஒரு தடவை போய் உட்கார்ந்து பாருங்கள். கற்றுக்கொடுக்கிறவர் கூடவே நின்று திருத்துகிறாரா, போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரா? இதற்காகத்தானே காசு கொடுக்கிறீர்கள், யூடியூபில் வருகிறவருக்கு உங்கள் முதுகு வளைவது தெரியாது. முதல் வாரமே புரோட்டீன் பவுடர் டப்பாவை நீட்டினால் வாங்க வேண்டாம். உட்கார்ந்து எழுவது, தரையிலிருந்து தூக்குவது, தள்ளுவது, இழுப்பது, இந்த நான்கும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் இருந்தால் போதும். எட்டிலிருந்து பன்னிரண்டு தடவைக்குள் கை அசந்துபோகிற எடை உங்களுக்குச் சரியான எடை. பன்னிரண்டும் சுலபமாக வந்தால் அடுத்த வாரம் கொஞ்சம் ஏற்றுங்கள். ஒரு சின்ன நோட்டில் தேதியும் கிலோவும் எழுதி வாருங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கக் கூடாது, இரத்த அழுத்தம் ஏறும்.

பெண்கள் நேரமே இல்லாத ஊரில் இருந்து இதைப் படிக்கிற வாசகிகளுக்கும் ஒரு வார்த்தை. வீட்டிலும் முடியும், ஆனால் வீட்டாரிடம் நேரத்தைச் சொல்லி, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்ய வேண்டும். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரில் கை ஊன்றித் தண்டால், எல்லாம் சரியாக வரும். முதுகுக்கான இழுக்கிற பயிற்சிதான் வீட்டில் விட்டுப்போகும். அதற்கு உடற்பயிற்சிக்கான நீள ரப்பர் பேண்ட் ஒன்று வாங்கி, ஆடாத ஜன்னல் கம்பியில் மாட்டி இழுக்கலாம். எடையை மாற்றி மாற்றிப் போடுகிற மாதிரி டம்பெல் ஒரு ஜோடி இருந்தால் ஆறேழு மாதம் வண்டி ஓடும், அதற்கு மேல் எடை போதாது.

உங்கள் கணவரிடம் இந்தப் பக்கத்தையே கொடுங்கள். ஐயா, உங்களுக்கு வீடே போதும், நீங்கள் பாயை விரித்தால் யாரும் கூப்பிடப் போவதில்லை. வாரத்தில் மூன்று நாள் உங்கள் மனைவி ஜிம்முக்குப் போகிற ஒரு மணி நேரம் அடுப்பும் பிள்ளைகளும் உங்கள் பொறுப்பு. அது முடிவாகாமல் அந்த 1,200 ரூபாயைக் கட்டாதீர்கள்.

சகோதரி, மூன்று மாதம் கழித்து அடுத்த ஹெச்பிஏ1சி எவ்வளவு என்று எனக்கு எழுதுங்கள். குறையாவிட்டாலும் எழுதுங்கள்.