நாடியில் வைத்த மூன்று விரல்கள்: சித்த, ஆயுர்வேதக் கேள்வி பதில்

யாழ்ப்பாணத்துப் பரியாரி (நாட்டு வைத்தியர்) குடும்பமொன்றில் பிறந்து, பின்னர் முறைப்படி சித்த மருத்துவம் கற்று, 30 ஆண்டுகளுக்கு மேலாக நோயாளரைப் பார்த்து வருகிறேன். இந்த மருத்துவத்தின் அடிப்படைக் கொள்கைகளைப் பற்றி உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். தத்தம் நோய்க்கு மருந்து கேட்டவர்கள் பொறுத்தருள வேண்டும். ஆளைப் பாராமல் மருந்து சொல்வது இந்த மருத்துவத்தின் முதல் விதியையே மீறுவதாகும்.

சுன்னாகத்திலிருந்து ஓர் ஆசிரியை: எங்கள் ஊரில் சித்தத்தையும் ஆயுர்வேதத்தையும் ஒன்றாகவே கதைக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா?

சட்டத்தின் கண்ணில் ஒன்று. இலங்கையின் 1961 ஆம் ஆண்டு 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம், ஆயுர்வேதம் என்ற சொல்லுக்குள் சித்தம், யூனானி முதலியவற்றையும் சேர்த்தே பொருள் கொள்கிறது. அதனால்தான் சித்த மருத்துவர் இருக்கும் இடத்திலும் ஆயுர்வேதம் என்ற பெயர்ப்பலகையைக் காண்கிறீர்கள்.

மருத்துவத்தின் கண்ணில் இவை உடன்பிறப்புகள். ஐம்பூதம், வாதம் பித்தம் கபம் என்னும் முக்குற்றம், அறுசுவை, உடலைக் கட்டும் ஏழு தாதுக்கள் என்னும் அடித்தளம் இரண்டுக்கும் பொது. ஆயுர்வேதம் சரகர், சுசுருதர், வாக்படர் ஆகியோரின் வடமொழி நூல்களில் நிற்கிறது. சித்தம் சித்தர் பெயரால் வழங்கும் தமிழ்ப் பாடல்களில் நிற்கிறது. பற்பம், செந்தூரம் போன்ற உலோக மருந்துகளுக்குச் சித்தத்தில் இடம் பெரிது. நாடி பார்ப்பதும் அப்படியே. சரகத்திலும் சுசுருதத்திலும் நாடிச் சோதனை விரித்துரைக்கப்படவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. யாழ்ப்பாணத்துக்கென்று ஒரு மரபும் உண்டு. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் காலத்தில் எழுந்த செகராசசேகரமும் பரராசசேகரமும் எங்கள் பரியாரிமார் மனனம் செய்த நூல்கள்.

கொக்குவிலிலிருந்து ஒரு மாணவர்: வாதம் என்பது வாய்வு, பித்தம் என்பது ஈரல் சுரக்கும் நீர், கபம் என்பது சளி. இப்படித்தான் விளங்கிக்கொள்ள வேண்டுமா?

அப்படி விளங்கிக்கொண்டால் நூல் முழுவதும் பிழையாகவே தெரியும். இவை பொருள்களின் பெயர்கள் என்பதைவிடச் செயல்களின் பெயர்கள் என்று கொள்வது பொருத்தம். உடலில் அசைவது, உலர்வது, ஏவுவது எல்லாம் வாதம். சுடுவது, செரிப்பது, ஒன்றை இன்னொன்றாக மாற்றுவது பித்தம். ஒட்டுவது, குளிர்வது, தாங்கி நிற்பது கபம். கண் இமைப்பதும் மூச்சு விடுவதும் வாதத்தின் வேலை. அவற்றை எவரும் நோய் என்று சொல்லமாட்டார்கள். மிகுந்தாலும் குறைந்தாலும் நோய் என்று வள்ளுவர் 941 ஆம் குறளில் சொல்வது, வளி முதலாக எண்ணப்பட்ட இந்த மூன்றையே.

நாடி நூல்கள் இந்த மூன்றையும் சமமாகக்கூட வைப்பதில்லை. வாதம் ஒரு மாத்திரை, பித்தம் அரை மாத்திரை, கபம் கால் மாத்திரை என்பதே சுகமான நாடியின் அளவு (மாத்திரை என்பது இங்கே குளிசை அல்ல, ஓர் அளவு). சுட்டுவிரலில் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிரவிரலில் கபம். ஆகவே “மூன்றும் சமநிலை” என்று விளம்பரங்களில் எழுதும்போது, தராசுத் தட்டுகளைப் போல ஒரே அளவு என்று நினைத்துவிடக்கூடாது. ஒவ்வொன்றும் தன் அளவில் இருப்பதே அங்கே சமம் எனப்படுகிறது.

சாவகச்சேரியிலிருந்து ஒரு விவசாயி: எனக்கும் என் மைத்துனருக்கும் முழங்கால் நோ. ஒரே பரியாரியார் எனக்கு எண்ணெய் தந்தார். அவருக்கு எண்ணெயே தொடக்கூடாது என்றார். இது என்ன நியாயம்?

நியாயம்தான். உங்கள் இருவரையும் நான் பார்க்கவில்லை. என் பாட்டனாரின் விறாந்தையில் ஒரே காலையில் கண்ட இருவரைச் சொல்கிறேன். முதலாமவர் மெலிந்தவர். கணுக்கால் தோல் வெடித்திருந்தது. முழங்காலை மடக்கினால் மொறுமொறு என்று சத்தம் கேட்டது. சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசத் தொடங்கினால் நோ கூடும் என்றார். அவருக்கு இளஞ்சூட்டில் எண்ணெய் பூசி, நெய்யுடன் சோறு சாப்பிடச் சொன்னார் பாட்டனார். மற்றவர் பருத்தவர். காலையில் எழும்போது மூட்டு வீங்கி விறைத்திருக்கும், பசியில்லை, நாக்கில் வெள்ளையாகப் படிந்திருந்தது. “உனக்கு எண்ணெய் வேண்டாம், உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்து, இரவில் கஞ்சி மட்டும் குடி” என்றார் பாட்டனார்.

முதலாமவருக்கு வறட்சி, அதாவது வாதம். இரண்டாமவருக்கு, செரியாமல் தேங்கிய கழிவு மூட்டில் போய் அடைத்துக்கொண்டது என்பது கொள்கை. ஆயுர்வேதம் அந்தக் கழிவை ஆமம் என்றும் அந்த நோயை ஆமவாதம் என்றும் சொல்லும். ஆமம் இருக்கும்போது எண்ணெய் பூசினால் வீக்கம் கூடும் என்பதால் வறண்ட சூடே முதலில் விதிக்கப்படுகிறது. நோ என்ற ஒரு சொல்லை வைத்து மருந்து எடுத்தால் இருவரில் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்திருக்கும். வீக்கம் வாரக்கணக்கில் நீடித்தால் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதும் அவசியம். மூட்டை அரிக்கும் வாத நோய்களைப் பிந்திக் கண்டுபிடித்தால் எந்த மருத்துவத்தாலும் மூட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது கடினம்.

வல்வெட்டித்துறையிலிருந்து: நாடி பார்த்தே சீனியின் அளவைச் சொல்ல முடியுமா?

முடியாது. சலரோகத்துக்கு (நீரிழிவுக்கு) இரத்தத்தைச் சோதியுங்கள். சோதித்த தாளை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

நல்லூரிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் உத்தியோகத்தர்: பருவத்துக்கேற்ற ஒழுக்கம் என்று நூல்களில் உள்ளதை யாழ்ப்பாணத்தில் அப்படியே கடைப்பிடிக்கலாமா?

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். சரகரின் ஆறு பருவங்களில் மழைக்காலம் ஏறத்தாழ ஆடி பாதி தொடங்கிப் புரட்டாதி பாதி வரை வருகிறது. கோடையில் சேர்ந்த வாதம் அந்த மழையில் சீறும், செரிமானத் தீ மந்தமாகும், மழை முடிந்த வெயிலில் பித்தம் சீறும் என்று நூல் ஒழுங்காக எழுதிச் செல்கிறது. அது தென்மேற்குப் பருவமழை பெய்யும் நாட்டின் கணக்கு. எங்களுக்கு ஆடியில் மழையா பெய்கிறது? சோளகக் காற்றில் புழுதி பறந்து, தோட்டத்துக் கிணறு வற்றி, உதடு வெடிக்கும் காலம் அது. எங்கள் மாரி வடகீழ்ப் பருவக்காற்றோடு ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை நிற்கும்.

ஆகவே மாதப் பெயரைப் பார்த்து ஒழுக்கம் வகுத்தால், வறண்ட காற்றில் இருக்கும் ஒருவரை மழைக்கால நோயாளியாக நடத்த நேரும். பார்க்க வேண்டியது காற்று, ஈரம், பசி ஆகிய மூன்றும். சோளகத்தில் நல்லெண்ணெய் தேய்த்துத் தோய்வதும், சோற்றுக்கு நெய் சேர்ப்பதும் பொருந்தும். மாரியில் பசி குன்றியிருக்கும்போது வேர்க்கொம்பு (சுக்கு), மிளகு, உள்ளி சேர்ந்த இரசமும் மல்லித் தண்ணியும் பொருந்தும். எங்கள் ஆச்சிமார் நூலைப் படிக்காமலே இதைச் சரியாகச் செய்தார்கள். படித்த சிலர் நூலின் மாதத்தைப் பிடித்துக்கொண்டு பிழை விடுகிறார்கள்.

மானிப்பாயிலிருந்து ஒரு தாய்: மூலிகை மருந்து என்றால் பக்க விளைவே இல்லை என்கிறார்களே?

அப்படிச் சொல்பவரிடம் மருந்து வாங்காதீர்கள். வேலை செய்யும் எதுவும் வேண்டாத வேலையையும் செய்யக்கூடும். அதிமதுரம் இருமலுக்கு நல்லது. அதையே பெரிய அளவில் மாதக்கணக்கில் எடுத்தால் உடலில் உப்பு தேங்கி, பொற்றாசியம் குறைந்து, இரத்த அழுத்தம் ஏறும். சலரோகக் குளிசையுடன் பாகற்சாற்றையும் வெந்தயத்தையும் தாராளமாகச் சேர்ப்பவர்களுக்குச் சீனி ஒரேயடியாக இறங்கலாம்.

உலோக மருந்து இன்னும் கவனமானது. இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்த ஆய்வொன்று 2008 இல் வெளிவந்தது. அவற்றுள் ஐந்தில் ஒரு பங்கில் ஈயம், பாதரசம், ஆர்சனிக்கு ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தது. உலோகம் சேர்க்காத வகையிலும் 17 வீதமானவற்றில் இருந்தது. முறைப்படி சுத்தி செய்து, மூடிய கலத்தில் வைத்து எரித்துப் புடமிட்டால் நஞ்சு நீங்கும் என்பது எங்கள் நூல்களின் நிலைப்பாடு. கல்வம் என்னும் கல்லுரலில் நாட்கணக்காக அரைத்து, வறட்டி அடுக்கிப் புடமிட்ட வேலையைச் சிறுவயதில் அருகிருந்து பார்த்தவன் நான். அந்த உழைப்பின் மேல் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. ஆனாலும் உழைப்பு ஆய்வுகூடச் சான்றுக்கு ஈடாகாது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் நான் உலோக மருந்து கொடுப்பதில்லை.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்து ஒரு மருத்துவபீட மாணவி: முக்குற்றக் கொள்கையை அறிவியல் என்று சொல்லலாமா?

இன்றைய பொருளில் அறிவியல் என்று நான் சொல்லமாட்டேன். சர்ப்பகந்தா என்னும் மூலிகையின் வேரிலிருந்து 1952 இல் ரெசர்ப்பின் என்னும் மருந்துப்பொருள் பிரிக்கப்பட்டு, இரத்த அழுத்தத்துக்கு உலகமெங்கும் வழங்கப்பட்டதை எங்களவர் பெருமையாகச் சொல்வார்கள். அது அந்த வேரின் வெற்றி. அதனால் முக்குற்றம் நிறுவப்பட்டதாகாது. இரண்டையும் குழப்பினால் கெட்டிக்கார மாணவர்கள் எங்களை மதிக்கமாட்டார்கள். என்னைப் பொறுத்தவரை முக்குற்றம் என்பது நோயாளியிடம் எதை எந்த ஒழுங்கில் கேட்பது என்று மருத்துவனைப் பழக்கும் ஒரு கணக்கு. அந்தப் பழக்கத்தால் கிடைக்கும் தகவல்கள் உங்கள் நோயறிதலுக்கும் உதவும்.

புலம்பெயர்ந்த ஓர் உறுப்பினர்: இணையத்தில் 20 கேள்விக்குப் பதில் எழுதினேன், நான் பித்த உடல்வாகு என்று வந்தது. இனி உறைப்பை விட்டுவிட வேண்டுமா?

பிறப்போடு வரும் உடல்வாகு வேறு, இன்றைக்கு மிகுந்திருக்கும் குற்றம் வேறு. மருத்துவம் செய்வது பெரும்பாலும் இரண்டாவதற்கே. பித்த உடல்வாகு உள்ளவர் குளிர்நாட்டில் இரவு வேலை செய்து, நேரம் தவறிச் சாப்பிட்டால் அவருக்கு வாத நோய் வருவதே இயல்பு. என் பாட்டனார் நாடியில் மூன்று விரல்களை வைத்தபடியே முதலில் கேட்பது, “நேற்றைக்கு இராச் சாப்பாடு எத்தனை மணிக்கு? விடிய எழும்பேக்கை பசிச்சதோ?” என்பதுதான். அந்த இரண்டு கேள்விகளுக்கும் ஒரு வாரம் நாளாந்தம் பதில் எழுதி வையுங்கள். உறைப்பைப் பற்றி அதன் பிறகு கதைப்போம்.