ரேமை 3800-இல் ஓட்டினால் விண்டோஸ் ஏறுகிறது, கேமில் மட்டும் கிராஷ்

மெமரி (ரேம்) வேகத்தை 3600-க்கு இறக்கி, எஃப்கிளாக்கை (சிபியுவின் உள் பாகங்களை இணைக்கும் பாதையின் வேகம்) 1800-இல் வையுங்கள், பெரும்பாலும் கிராஷ் நின்றுவிடும். 3200 வேகத்துக்கான சிஎல்16 (தாமத எண் 16) ரேம் கிட்டை 3800-க்கு ஏற்றியதால் ரேம்தான் தாங்கவில்லை என்கிறீர்கள், ஆனால் கூடவே எஃப்கிளாக்கையும் 1900 ஆக்கியிருக்கிறீர்களே, ரைசன் 5 3600 சிபியுவில் பல சிப்களுக்கு அது ஒத்துவராது. எனக்குச் சந்தேகம் அதன் மேல்தான்.

உறுதி செய்ய, மெமரி 3800-லேயே இருக்கட்டும், எஃப்கிளாக்கை மட்டும் 1600 ஆக்கி, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓட்டுங்கள். நான்கு பாஸும் (சோதனைச் சுற்றும்) சுத்தமாக முடிந்தால் ரேம் தப்பித்தது. பிழை வந்தால் ரேமின் டைமிங்கை (தாமத எண்களை) 18-22-22-42 என்று தளர்த்துங்கள், அப்புறம் வேண்டுமானால் ரேம் வோல்டேஜை 1.35-லிருந்து 1.4 வரை ஏற்றுங்கள்.

ஒன்று மட்டும்: ரேம் பிழை விண்டோஸ் ஃபைல்களையே சத்தமில்லாமல் கெடுத்துவிடும். பேக்கப் எடுக்காமல் இதில் இறங்காதீர்கள்.