நாய் ஓயாமல் குரைக்கிறதா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

நாய் வளர்ப்பில் உள்ள சிக்கல்களைக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை குரைப்பைப் பற்றியவை. அதனால் இந்த முறை அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கொக்குவிலில் இருந்து ஒரு அக்கா: எங்கள் டைகர் படலையடியில் நின்று ஒழுங்கையால் போகிற வருகிற எல்லோரையும் பார்த்துக் குரைக்கிறான். பாண் ஆட்டோ பாட்டோடு வந்தால் சொல்லவே வேண்டாம். எவ்வளவு அதட்டினாலும் நிற்பதில்லை.

அக்கா, டைகரின் பக்கத்தில் நின்று பாருங்கள். பாண்காரர் வருகிறார், இவன் குரைக்கிறான், அவர் போய்விடுகிறார். தான் விரட்டியதால்தான் போனார் என்பது இவன் கணக்கு. தபால்காரரும் அப்படித்தான், ரியூசனுக்குப் போகிற பிள்ளைகளும் அப்படித்தான். ஒரு நாளைக்கு இருபது தடவை வெல்கிறவன் ஏன் நிறுத்தப் போகிறான்? நீங்கள் உள்ளேயிருந்து சத்தம் போட்டால், வீட்டுக்காரரும் தன்னோடு சேர்ந்து குரைக்கிறார்கள் என்றே அவனுக்குப் படும்.

முதலில் அவன் பார்வையை மறையுங்கள். கிடுகு வேலிக் காலத்தில் நாய்க்கு ஒழுங்கை இவ்வளவு தெரியாது. இப்போது கம்பி கேற்றுக்குள்ளால் எல்லாம் தெரிகிறது. கேற்றின் கீழ்ப்பாதியில் அவன் தலை உயரத்துக்குக் கிடுகோ தகரமோ கட்டினாலே நல்ல வித்தியாசம் தெரியும்.

அப்புறம் பாண் பாட்டு. அது தூரத்தில் கேட்கத் தொடங்கும்போதே, அவன் வாய் திறப்பதற்கு முன், உப்பில்லாமல் அவித்த கோழியில் நகத்தளவு துண்டு ஒன்று கொடுங்கள். பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்வரை ஒவ்வொன்றாகக் கொடுங்கள், பாட்டு நின்றதும் கோழியும் நிற்க வேண்டும். இதைப் படலையடியில் தொடங்காதீர்கள், குசினிக்குள் தொடங்குங்கள். அவன் அமைதியாக இருக்க இருக்க விறாந்தை, முற்றம் என்று மெல்ல மெல்ல வெளியே வரலாம். பாட்டுக் கேட்டதும் அவன் படலையைப் பார்க்காமல் உங்கள் முகத்தைப் பார்க்கிற நாள் வரும். அதற்குச் சில கிழமைகள் பிடிக்கும். இடையில் விட்டுவிடாதீர்கள்.

சாவகச்சேரியில் இருந்து: ஆடி பிறந்ததிலிருந்து நடுச்சாமத்தில் குரைக்கிறது. எழும்பிப் போய்ப் பார்த்தால் ஒன்றுமே இல்லை.

வளவில் பனை நிற்கிறதா? சோளகம் அடிக்கிற நேரத்தில் காவோலை உரசும், பனம்பழம் தொப்பென்று விழும், பழத்துக்கு மரநாய் வரும். மிகக் கீச்சான சத்தத்தைக் கேட்பதில் மனிதக் காதுக்கு 20,000 ஹேர்ட்ஸ் அளவில் எல்லை. நாய்க்கு ஏறத்தாழ 45,000 வரை கேட்கும். உங்களுக்கு ஒன்றுமில்லை என்றால் அவனுக்கும் ஒன்றுமில்லை என்று ஆகாது. இரவில் அவனை விறாந்தைக்கோ உள் அறைக்கோ எடுங்கள். படுக்க முன் ஒருமுறை வளவைச் சுற்றி நடத்திக்கொண்டு வாருங்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள்: ஒரே இடத்தைப் பார்த்து, முன்னே பாய்வதும் பின்னே துள்ளுவதுமாகக் குரைத்தால் பாம்பாக இருக்கலாம். அவனை உள்ளே கூப்பிட்டுவிட்டு, ரோர்ச் அடித்து எட்ட நின்று பாருங்கள்.

வல்வெட்டித்துறையில் இருந்து ஒரு தம்பி: பகல் முழுக்கச் சங்கிலியில்தான் நிற்கிறது. அவிழ்த்தால் ஆட்களைக் கடித்துவிடும் என்று பயம். கட்டிவைத்தால் நாள் முழுக்கக் குரைக்கிறது.

தம்பி, கட்டியே வைத்திருப்பதுதான் குரைப்பையும் கடியையும் வளர்க்கிறது. ஆள் கிட்ட வந்தால் விலகிப் போக அவனுக்கு வழியில்லை. மிச்சமிருப்பது வாயும் பல்லும்தான். இதை நான் எங்கள் வீட்டில்தான் கற்றேன். வீரன் என்றொரு நாய், மாமரத்தடியில் ஆறு வருடம் சங்கிலியில் நின்றான். குரைத்தால் அப்பா செருப்பால் எறிவார், நானும் எறிந்திருக்கிறேன். அவன் கேட்டதெல்லாம் கொஞ்சம் நடை, கொஞ்சம் பேச்சு. அது எனக்கு விளங்கியபோது அவன் கிழவனாகிவிட்டான். இன்றைக்கும் அந்த மாமரத்தைப் பார்த்தால் மனம் கேட்பதில்லை.

விடியக் காலமை வெயில் ஏற முன் அரை மணித்தியாலம், பொழுதுபட அரை மணித்தியாலம், வாரில் பிடித்து நடத்துங்கள். அவன் விரும்பிய இடத்தில் நின்று மணக்க விடுங்கள். மணந்து பார்ப்பதும் அவனுக்கு வேலைதான், அதிலேயே களைத்துவிடுவான். ஆட்கள் வந்துபோகாத பின்வளவில் ஒரு பகுதியை வலையால் அடைத்து, நிழலும் தண்ணீரும் வைத்து அவிழ்த்துவிடுங்கள். சாப்பாட்டைச் சட்டியில் போடாமல் சிரட்டைகளில் பிரித்து அங்கங்கே ஒளித்து வையுங்கள். தேடித் தின்னட்டும். உண்மையில் கடிக்கிற நாய் என்றால் மிருக வைத்தியரிடமும் காட்டுங்கள், நோவும் கோபத்தைக் கொண்டுவரும்.

நல்லூரில் இருந்து: திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வந்த பேரப்பிள்ளைகள் போன பிறகு, நாங்கள் கடைக்குப் போனாலே ரோசி குரைத்து ஊளையிட்டுக் கதவைப் பிறாண்டுகிறாள்.

அம்மா, அது குழப்படி இல்லை, தனிமைப் பயம். அடிக்கக்கூடாது. செருப்பைப் போட்டு, திறப்பை எடுத்து, வெளியே போகாமல் திரும்ப இருங்கள். அவள் பேசாமல் இருந்தால் அடுத்து 10 விநாடி வெளியே, பிறகு 30, பிறகு ஒரு நிமிடம். அவள் பதறுவதற்கு முன் திரும்பிவிட வேண்டும், அதுதான் இதில் முக்கியம். பழகும்வரை கடைக்கு ஒருவர் போக, ஒருவர் வீட்டில் நில்லுங்கள்.

சாப்பிடும்போது பக்கத்தில் நின்று குரைக்கிறதே?

வீட்டில் ஒருவர்கூடக் கொடுக்கக்கூடாது. நிறுத்தியதும் சில நாள் முன்னையைவிடக் கூடுதலாகக் குரைக்கும். அப்போது இளகிக் கொடுத்தால், கூடக் குரைத்தால் கிடைக்கும் என்றுதான் படிக்கும்.

கரண்ட் அடிக்கிற கழுத்துப்பட்டி வாங்கலாமா?

வேண்டாம். பயத்தில் குரைக்கிற நாய்க்கு இன்னொரு பயம் சேரும்.

குரல் திடீரென்று கரகரத்துவிட்டது, வீணி வடிகிறது, தண்ணீர் குடிக்கவில்லை.

கிட்டப் போகாதீர்கள், வாய்க்குள் கை விடாதீர்கள். விசர்நாய் நோயாக இருக்கலாம். இன்றைக்கே மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள். யாரையாவது கடித்திருந்தாலோ, வீணி காயத்தில் பட்டிருந்தாலோ சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காலையில் பார்ப்போம் என்று இருக்க வேண்டாம்.

சங்கானையில் இருந்து ஒரு ஐயா: மணிக்கு 13 வயது. இரவில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்று குரைக்கிறான்.

ஐயா, கண்ணும் காதும் மங்கியிருக்கும். வயதான நாய்களுக்கு மறதியும் தடுமாற்றமும் வருவதுண்டு. மூட்டு நோவும் இருக்கலாம், ஒருமுறை வைத்தியரிடம் காட்டுங்கள். மனிதர் போடுகிற குளிசைகளைக் கொடுத்துவிடாதீர்கள். படுக்கையையும் தண்ணீர்ச் சட்டியையும் இடம் மாற்றாதீர்கள், இரவில் சின்ன லைற் ஒன்று எரியட்டும். குரைத்தால் தூரத்தில் நின்று கூப்பிடாமல், மெல்ல நடந்து போய், உங்கள் கையை மணக்கக் கொடுத்த பிறகு தடவுங்கள்.