மகளுக்கு லண்டனில் தனியார் பள்ளி: மன்னார்குடித் தம்பிக்குப் பதில்

தம்பி, மனைவி நர்ஸ் விசாவில், நீங்க டிபெண்டன்ட், மகள் இயர் 5-ல் (9-10 வயது வகுப்பு) நல்லாப் படிக்கிறாள். பெரிய தனியார் பள்ளியில் கட்டணமில்லாமல் சேர்க்க வழி உண்டா, 'பொது நிதி கூடாது', அதாவது அரசு உதவித்தொகை வாங்கக் கூடாது என்ற விசா நிபந்தனை இடிக்குமா என்று கேட்டிருக்கீங்க.

நிபந்தனை இடிக்காது. பள்ளி தன் பணத்திலிருந்து தரும் பர்சரி என்ற கட்டண உதவி பொது நிதிக் கணக்கில் வராது. ஆனால் சில பள்ளிகள் விசா நிலையையும் பார்க்கும். அதனால் முதலில் அட்மிஷன்ஸ் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்க. பதிவுக் கட்டணத் தள்ளுபடியையும் அதிலேயே கேளுங்க. பர்சரி கேட்பவர்களுக்குப் பல பள்ளிகள் விட்டுக்கொடுக்கும்.

ஸ்காலர்ஷிப்பைத் துரத்தாதீங்க. பெயர்தான் பெரிசு, பெரும்பாலும் கட்டணத்தில் சின்னப் பங்குதான் குறையும். பர்சரி குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தருவது, 100% வரை போகும். 2025 ஜனவரி 1 முதல் கட்டணத்தின் மேல் 20% வாட் வரி வேறு. பாதி பர்சரி வாங்கினாலும் ஒரு சம்பளத்தில் மீதியைக் கட்டி முடியாது. சீருடை, மதியச் சாப்பாடு, பேருந்து இதில் அடங்குமா என்றும் கேட்டுக்குங்க.

பதினொரு வயதில் உயர்நிலைப் பள்ளி தொடங்கும் இயர் 7 சேர்க்கைக்கான பதிவு, பல பள்ளிகளில் இயர் 6-ன் அக்டோபர், நவம்பரில் முடிந்துவிடும். தேர்வு ஜனவரிக்குள். பர்சரி வேணும் என்பதைப் பதிவின்போதே சொல்லணும். இடம் கிடைத்த பிறகு கேட்டால் அந்த வருஷப் பணம் பங்கு போட்டு முடிந்திருக்கும்.

நம்ம ஊர்க்காரங்க பரீட்சையைவிட அதிகம் சறுக்குவது பர்சரிக்கான சொத்துப் படிவத்தில். வெளிநாட்டுச் சொத்தையும் கேட்பாங்க. நிலம் அப்பா பேரில், அவர் இருக்கிறார் என்றால் அது உங்க சொத்து இல்லை. அவர் காலமாகி, பட்டா மட்டும் மாறாமல் கிடந்தால் உங்க பங்கை எழுதியே ஆகணும். 'மூணு மா' என்று எழுதினால் இங்கே யாருக்கும் புரியாது. சுமார் ஒரு ஏக்கர் என்று போடுங்க. ஆன்லைனில் சிட்டா எடுத்து, ஆங்கில மொழிபெயர்ப்போடு வழிகாட்டி மதிப்பையும் இணையுங்க. குத்தகை நெல்லாக வந்தால் மூட்டைக் கணக்கை ரூபாயாக்கி, பவுண்டிலும் காட்டுங்க. கூட்டுறவு சங்கத்தில் நகை அடகு இருந்தால் அந்த ரசீதும் வேணும். ஊருக்கு மாசாமாசம் அனுப்பும் பணத்தைத் தனிக் கடிதத்தில் விளக்குங்க, ஆனால் அதைக் கழித்துக்கொள்வாங்க என்று நம்பாதீங்க. வீட்டுக்கே ஆள் வந்து பார்ப்பதும் உண்டு. வருஷாவருஷம் மறுபடி கணக்குக் கேட்பாங்க. போன வருஷம் எழுதாத நிலம் அப்போது முளைத்தால் பர்சரியே போயிடும்.

படிப்பில் கணக்கைப் பற்றிக் கவலை இல்லை. ஆங்கிலப் பத்தியில் நேரடியாகச் சொல்லாததை ஊகித்து எழுதும் கேள்வியில்தான் புதுசா வந்த பிள்ளைகள் மார்க் விடுறாங்க. பள்ளிகளின் இணையதளங்களில் மாதிரித் தாள்கள் இலவசம். தினம் அரை மணி, வாரம் இரண்டு தாள் போதும். நேர்காணலில் பெரியவங்க முன்னால் வாயை மூடிக்கொண்டு இருப்பது மரியாதை ஆகாது. 'எனக்குத் தெரியலை, ஆனா இப்படி இருக்கலாம்' என்று யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லப் பழக்குங்க.

நாலைந்து பள்ளிக்குப் போடுங்க. விடுதிக்கு அனுப்பச் சம்மதம் என்றால் லண்டனுக்குத் தெற்கே ஹார்ஷம் பக்கம் கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் என்ற விடுதிப் பள்ளியைப் பாருங்க. 1552-ல் ஏழைப் பிள்ளைகளுக்கென்றே தொடங்கியது, இன்னும் பெரிய அளவில் பர்சரி தருது. கூடவே தேர்வு வைத்துச் சேர்க்கும் அரசு கிராமர் பள்ளிகளும். அங்கே கட்டணமே கிடையாது, ஆனால் தேர்வு பெரும்பாலும் செப்டம்பரிலேயே. அதற்கான பதிவு பல இடங்களில் இயர் 5 கோடையில் முடியுது, அதாவது உங்களுக்கு இந்த வருஷமே.