சவுண்டைக் குறைத்தால் பேய் வராது: ஒரு பழைய ஆபரேட்டரிடம் சில கேள்விகள்

தியேட்டர் ஆபரேட்டராகப் பதினான்கு வருடம் இருந்தேன். முதல் பாதி ரீல், பிற்பாதி டிஜிட்டல். பேய்ப் படம் ஓடினால் கேபின் கண்ணாடி வழியாகத் திரையைவிட ஜனங்களைத்தான் அதிகம் பார்ப்பேன், யார் எந்த இடத்தில் காலைத் தூக்கி சீட்டில் வைத்துக்கொள்கிறார்கள் என்று. என் அறிவில் பாதி அங்கே வந்தது, மீதி வீட்டில் டிவிடி வாங்கிப் பார்த்து வந்தது. சமீபத்தில் பார்த்த பேய்ப் படங்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறையவே கேட்டுவிட்டீர்கள். சொல்ல முடிந்ததைச் சொல்கிறேன். எந்தப் படத்தின் முடிவையும் போட்டு உடைக்கவில்லை.

கேள்வி: அண்ணே, ‘பிரமயுகம்’ நேற்றுதான் பார்த்தேன். ஊரே கொண்டாடிய படம், எனக்குத் தூக்கம்தான் வந்தது. என்னிடம் கோளாறா, படத்தில் கோளாறா?

எதில் பார்த்தீர்கள் என்று சொல்லவில்லையே தம்பி. போனில், பஸ்ஸில், பகல் வெளிச்சத்தில் என்றால் கோளாறு இரண்டிலும் இல்லை. அது முழுக்கக் கறுப்பு வெள்ளையில் எடுத்த மலையாளப் படம். பதினேழாம் நூற்றாண்டு மலபார், இடிந்த ஒரு மனை, விடாத மழை, பெரும்பாலும் மூன்றே பேர். அந்த வீட்டில் முக்கால்வாசி இடம் இருட்டு. மம்மூட்டி உட்கார்ந்திருக்கும் திண்ணைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கண் தேடிக்கொண்டே இருக்கவேண்டும், அந்தத் தேடல்தான் பயம். போன் திரையில் அந்த இருட்டு முழுக்க உங்கள் முகம்தான் தெரியும். (அதுவும் ஒரு பயம்தான், வேறு மாதிரி.) இரவு பத்து மணிக்கு மேல் விளக்கை அணைத்து, டிவியில், நல்ல ஹெட்போன் போட்டு முதல் நாற்பது நிமிடம் மட்டும் மறுபடி பாருங்கள். அப்போதும் தூக்கம் வந்தால் தூங்கிவிடுங்கள், உங்களுக்கான படம் இல்லை.

இயக்குநர் ராகுல் சதாசிவன் இதற்கு முன் 2022-ல் எடுத்த ‘பூதகாலம்’ எனக்கு இதைவிடப் பிடிக்கும். ரேவதியும் ஷேன் நிகமும் அம்மா மகன். ரொம்ப நேரத்துக்கு அது பேயா, மனச்சோர்வா என்றே பிடிபடாது. அம்மாவுக்கும் பிள்ளைக்கும் பேச்சு நின்றுபோன ஒரு வீட்டைப் பார்த்திருப்பவர்களுக்கு அந்தப் படத்தில் பேய் வருவதற்கு முன்பே வயிற்றைப் பிசையும்.

கேள்வி: சார், ஒரே பேய்ப் படத்தை ஒரு தியேட்டரில் பார்த்தபோது குலை நடுங்கியது. நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வேறு தியேட்டருக்குப் போனால் சப்பென்று இருந்தது. இரண்டாவது தடவை என்பதாலா?

அதுவும் ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம் கேபினில் இருக்கிறது. இதைக் கேட்க மாட்டார்களா என்று பல வருடம் காத்திருந்தேன், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தியேட்டர் சவுண்ட் பிராசஸரில் அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு எண் இருக்கும். படத்துக்கு மிக்ஸிங் செய்யும் ஸ்டுடியோவில் அதை 7-ல் வைத்துத்தான் வேலை செய்வார்கள். தியேட்டரும் 7-ல் ஓட்டினால் இயக்குநர் கேட்டது அப்படியே உங்களுக்குக் கேட்கும். ஆனால் பாதித் தியேட்டர்களில் அது 5-ல் கிடக்கும், சில இடங்களில் அதற்கும் கீழே. ஏன்? விளம்பரமும் டிரெய்லரும் காதைக் கிழிக்கிற அளவில் வரும், யாராவது எழுந்து வந்து மேனேஜரிடம் சத்தம் போடுவார், மேனேஜர் போனில் எங்களைத் திட்டுவார், நாங்கள் குறைப்போம், படம் தொடங்கும்போது திரும்பக் கூட்ட மறந்துபோவோம். நானும் மறந்திருக்கிறேன்.

7-லிருந்து 5-க்கு இறக்கினால் ஆறேழு டெசிபல் போய்விடும். சண்டைப் படத்துக்கு அது பெரிய நஷ்டம் இல்லை, பேய்ப் படத்துக்குத்தான் உயிரே போகும். பேய்ப் படத்தில் முக்கியம் பெரிய சத்தம் இல்லை, மிகச் சின்ன சத்தம். மாடியில் ஒரு பலகை முனகுவது, பக்கத்து அறையில் யாரோ மூச்சுவிடுவது. 5-ல் ஓட்டினால் அதெல்லாம் ஏசி இரைச்சலுக்குக் கீழே போய்விடும். உங்களுக்கு வெறும் மௌனம் கேட்கும், அப்புறம் திடீரென்று ‘டமார்’. நடுவில் பயத்தைக் கட்டிய படிக்கட்டு முழுக்கக் காணாமல் போயிருக்கும். அடுத்த தடவை படத்தில் யாரோ கிசுகிசுப்பது தெரிகிறது, கேட்கவில்லை என்றால், வெளியே வந்து சவுண்டைக் கூட்டச் சொல்லுங்கள். குறைக்கச் சொல்லித்தான் எல்லோரும் வருகிறார்கள், கூட்டச் சொல்லி எனக்குத் தெரிந்து ஒருவர்கூட வந்ததில்லை.

கேள்வி: கதவு, பூனை, கண்ணாடி, ‘டமார்’ என்று தூக்கிப்போடுவது எனக்கு எரிச்சல். இதை யார் ஆரம்பித்தது?

ஒரு பஸ். 1942-ல் வந்த ‘கேட் பீப்பிள்’ என்ற அமெரிக்கப் படம். ஒரு பெண் இரவில் தனியாக நடந்து போகிறாள், பின்னால் யாரோ தொடர்கிற காலடி. அது நின்றுவிடுகிறது. சிறுத்தை பாயப்போகிறது என்று நாம் இறுகி உட்கார்ந்திருக்கும்போது ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம், திரைக்குள் சட்டென்று ஒரு டவுன் பஸ் வந்து நிற்கிறது. அவ்வளவுதான், பிரேக் சத்தம். படத்தின் தயாரிப்பாளர் வால் லூட்டன் பெயரிலேயே இந்த உத்தியை ‘லூட்டன் பஸ்’ என்று சினிமாக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

அதில் கவனிக்கவேண்டியது பஸ் இல்லை, அதற்கு முன்னால் இருக்கிற நடை. நம் ஆட்கள் பஸ்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு நடையை விட்டுவிட்டார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் விட்டால் அது பேய்ப் படமா, பஸ் ஸ்டாண்டா?

கேள்வி: ‘வெப்பன்ஸ்’ பார்த்தாச்சா அண்ணா? எனக்கு 2025-ல் அதுதான் நம்பர் ஒன்.

பார்த்தேன். பதினேழு குழந்தைகள், எல்லோரும் ஒரே வகுப்பு, விடியற்காலை 2:17-க்கு எழுந்து கதவைத் திறந்து கைகளை விரித்தபடி இருட்டுக்குள் ஓடுகிறார்கள். அந்த ஓட்டம் ஒன்றுக்கே டிக்கெட் காசு சரியாகிவிட்டது. ஒரு குழந்தைக் குரல் கதையைச் சொல்லத் தொடங்குவதும் நல்ல யோசனை, பாட்டி கதையைத் தலைகீழாக்கியது போல. கடைசிப் பகுதியில் எங்கள் ஹாலில் சிரிப்பு வந்தது, எனக்கும் வந்தது. பயந்து சிரித்தோமா, சிரிப்பாக இருந்ததால் சிரித்தோமா என்று இன்னும் தெளிவில்லை. நம்பர் ஒன் என்பதெல்லாம் உங்கள் இஷ்டம்.

கேள்வி: தமிழில் ஏன் சார் பேய் என்றாலே காமெடி? ‘யாவரும் நலம்’ எடுத்த ஊர்தானே இது?

உங்கள் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் ரசனை கெட்டுவிட்டது என்று சொல்லி முடித்துவிட மாட்டேன், பின்னால் காசுக் கணக்கு இருக்கிறது.

‘யாவரும் நலம்’, ‘ஈரம்’ இரண்டுமே 2009. ஒன்றில் பேய் டிவி சீரியலுக்குள் வருகிறது, இன்னொன்றில் தண்ணீரில். இரண்டும் நன்றாகவே பேசப்பட்டன. 2011-ல் ‘காஞ்சனா’ வந்தது. நான் ஆபரேட்டராக இருந்த காலத்தில் பேய்ப் படத்துக்குக் கைக்குழந்தையோடு குடும்பம் குடும்பமாக வந்ததை அதற்குத்தான் முதலில் பார்த்தேன். அதற்கு விதை 2005-லேயே விழுந்துவிட்டது என்பேன், ‘சந்திரமுகி’யில் வடிவேலு பயப்படுகிறாரே, அங்கே. பேயைப் பார்த்து நாம் பயப்படவேண்டாம், நமக்காகப் பயப்பட ஒருவர் இருக்கிறார் என்ற வசதி.

இப்போது காசு. தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி கிடையாது என்று 2006-ல் வந்தது. 2011-ல் அதோடு ‘யூ’ சான்றிதழும் வேண்டும் என்றார்கள். 2017-ல் ஜிஎஸ்டி வரும்வரை இதுதான் நிலவரம். முழுப் பயத்தில் எடுத்த படத்துக்கு ‘யூ’ கிடைப்பது குதிரைக் கொம்பு. ‘ஏ’ வாங்கினால் இன்னும் மோசம், டிவியில் போடமுடியாது, அதனால் சாட்டிலைட் பணமும் போயிற்று. தயாரிப்பாளர் என்ன செய்வார்? நாலு காமெடியனைப் போடு, ஒரு ஃபிளாஷ்பேக் போடு, பேயைக் கடைசியில் நல்லவளாக்கு என்பார். அநியாயம் செய்தவனைப் பேய் பழிவாங்குவது நம் ஊர்க் கதைகளில் எப்போதும் உண்டு, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நியாயமான பேயைக் காட்டியும் பயமுறுத்த முடியும், ‘ஈரம்’ அப்படித்தான். பேய் வரும்போதெல்லாம் நாலு பேர் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு டைமிங் வசனம் பேசுவதுதான் தாங்கவில்லை.

மிஷ்கினின் ‘பிசாசு’, அஸ்வின் சரவணனின் ‘மாயா’ என்று நடுநடுவே எடுக்கத்தான் செய்தார்கள். அஸ்வின் 2022-ல் ‘கனெக்ட்’ படத்தை நூறு நிமிடத்துக்குள், இடைவேளையே வேண்டாம் என்ற எண்ணத்தோடு எடுத்தார். தியேட்டர் தரப்பில் எதிர்ப்பு கிளம்பியது, கேன்டீன் வியாபாரம் என்ன ஆவது என்று. கேன்டீன்காரர் பக்கமும் எனக்குத் தெரியும், டிக்கெட்டைவிட அங்கேதான் லாபம். ஆனாலும் ஒரு மணி நேரம் பயத்தைக் கட்டி ஏற்றிவிட்டு, லைட்டைப் போட்டு, கையில் சமோசாவைக் கொடுத்து, மறுபடி பயப்படு என்றால் எந்தப் பேயால் முடியும்?

கேள்வி: என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. பேய்ப் படம் வேண்டும் என்று ஒரே அடம். எதைக் காட்டலாம் அண்ணா?

‘கோரலைன்’ (2009) காட்டுங்கள் அம்மா. பொம்மைகளை வைத்து ஒவ்வொரு ஃபிரேமாக எடுத்த படம், ரத்தம் இல்லை. ஆனால் கண்ணுக்குப் பதில் பொத்தான் தைத்த அம்மா வருவாள். நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள், பயப்படப்போவது நீங்களாகவும் இருக்கலாம். இப்போது சென்சாரில் யூஏ 7+, 13+, 16+ என்று பிரித்துவிட்டார்கள், புதுப் படம் என்றால் அந்த எண்ணைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: ‘ரிங்கு’வில் கிணற்றிலிருந்து வரும் அந்தப் பெண்ணின் நடை. எத்தனை கிராஃபிக்ஸ் வந்தும் அதற்கு ஈடு இல்லையே, எப்படிச் செய்தார்கள்?

நடிகையைப் பின்பக்கமாக நடக்கவைத்து, படத்தைத் திருப்பி ஓட்டினார்கள். அவ்வளவுதான். 1998-ல் வந்த ஜப்பான் படம். முன்னால் வருகிறாள் என்று கண் சொல்கிறது, ஆனால் பாதம் ஊன்றும் விதம், தோள் அசையும் விதம் எல்லாம் தப்பு என்று மனம் சொல்கிறது, எது தப்பு என்றுதான் பிடிபடாது. நம் பழைய புராணப் படங்களில் உடைந்த வில் தானாக ஒட்டுவதும் இதே திருப்பி ஓட்டுகிற வித்தைதான். அங்கே கைதட்டினோம், இங்கே போர்வைக்குள் போனோம்.

கேள்வி: கொரியப் படம் ‘எக்ஸ்ஹூமா’ பார்த்தேன். அந்தப் பூசாரிப் பெண் ஆடும் இடம் நம் ஊர்ச் சாமியாட்டம் மாதிரியே இருந்தது. எனக்கு மட்டும்தான் அப்படித் தோன்றியதா?

எனக்கும் அதேதான். கிம் கோ-யுன் கையில் கத்தியோடு, முகத்தில் கரி பூசிக்கொண்டு ஆடுகிறாரே, எங்கள் ஊர்க் கோயில் கொடையில் உடுக்கை வேகம் ஏறும்போது சாமியாடியின் கண் மாறுவது அப்படியே ஞாபகம் வந்தது. கொரியாவிலும் இறந்த முன்னோரின் கோபம், குழியின் இடம், திசை என்று எல்லாம் பார்ப்பார்கள் என்பதால் நமக்கு விளக்கமே தேவைப்படவில்லை. சவப்பெட்டியை எடுக்கும்வரை அசத்தல். பிற்பாதியில் ஜப்பான் ஆட்சிக் காலத்துச் சரித்திரம் உள்ளே வருகிறது. கொரியர்களுக்கு அதுதான் படத்தின் நெஞ்சாக இருந்திருக்கும், அங்கே ஒரு கோடிப் பேருக்கு மேல் பார்த்த படம். எனக்கு உருவம் முழுசாகத் தெரிந்த நிமிடத்திலிருந்து பயம் இறங்கிவிட்டது.

கேள்வி: நான் தனியாக வாடகை வீட்டில் இருக்கிறேன். பேய்ப் படம் பார்த்த அன்று யாரோ பின்னால் நிற்பது போலவே இருக்கிறது. சிரிக்காமல் பதில் சொல்லவும்.

சிரிக்கவில்லை. இங்கிலாந்தில் விக் டாண்டி என்று ஒரு பொறியாளர். அவர் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் பேய் நடமாட்டம் என்று பேச்சு. ஒரு நாள் அவருக்கும் உடம்பு சில்லிட்டு, ஓரக்கண்ணில் சாம்பல் நிற உருவம் ஒன்று தெரிந்திருக்கிறது, திரும்பினால் இல்லை. மறுநாள் வாள்வீச்சுப் போட்டிக்கான தன் வாளைச் சரிசெய்ய இடுக்கியில் மாட்டினால் அது தானாக அதிர்கிறது. தேடிப் பார்த்தால் புதிதாக மாட்டிய எக்ஸாஸ்ட் ஃபேன், காதுக்குக் கேட்காத 19 ஹெர்ட்ஸ் அளவில் அறையை அதிரவைத்துக்கொண்டிருந்தது. அதை மாற்றியதும் பேயும் போயிற்று. 1998-ல் கட்டுரையாகவே எழுதினார். எல்லா வீட்டுப் பேய்க்கும் இதுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனாலும் சமையலறை ஃபேனை ஒரு தடவை அணைத்துப் பாருங்கள். அதற்கும் போகவில்லை என்றால் பழைய கவுண்டமணி காமெடி அரை மணி நேரம், நான் இன்றும் அதைத்தான் செய்கிறேன்.

கேள்வி: கடைசியாக ஒன்று அண்ணே. தியேட்டரில் நீங்களே எதையாவது பார்த்திருக்கிறீர்களா?

கேட்காமல் விடமாட்டீர்கள் என்று தெரியும்.

செகண்ட் ஷோ முடிந்து, கூட்டம் போய், ஆம்ப் எல்லாம் அணைத்துவிட்டு ஹால் வழியாகத்தான் நான் வெளியே போகவேண்டும். மடக்கு சீட், ஆள் எழுந்தால் தானாக மேலே மடங்கிக்கொள்ளும் வகை. பழசானதில் ஸ்பிரிங் தளர்ந்துபோய்ச் சில சீட் உடனே மடங்காது, பத்து நிமிடம், கால் மணி நேரம் கழித்து மெதுவாக மடங்கும். இருட்டில் நடந்துபோகும்போது எங்கோ பின்வரிசையில் ‘டக்’ என்று கேட்கும். யாரோ இப்போதுதான் எழுந்த மாதிரி. ஸ்பிரிங்தான் என்று நன்றாகவே தெரியும், நானே எண்ணெய் போட்டிருக்கிறேன். ஆனாலும் பதினான்கு வருடத்தில் ஒரு நாள்கூட நான் திரும்பிப் பார்த்ததில்லை. அந்தத் தியேட்டர் இப்போது கல்யாண மண்டபம், பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறார்கள்.