லண்டனில் 1890களில் கட்டிய வீட்டின் பழைய சாஷ் ஜன்னல்களைப் பழுது பார்ப்பதா, மொத்தமாக மாற்றிவிடுவதா?

கேள்வி சுருக்கமாக இது: கிழக்கு லண்டனில் விக்டோரியா காலத்து வரிசை வீடு. மேலும் கீழும் நகரும் மர ஜன்னல்கள் ஆறு. இரண்டு திறப்பதே இல்லை. ஒன்று தூக்கினால் நிற்காமல் விழுகிறது. காற்றடித்தால் எல்லாம் கடகடக்கின்றன, குளிர் உள்ளே வருகிறது. பார்க்க வந்த கம்பெனி ஆள் ஆறையும் கழற்றிவிட்டு யூபிவிசி (பிளாஸ்டிக்) ஜன்னல் போடச் சொல்கிறார்.

இந்தக் குறைகளில் ஒன்றுகூட ஜன்னலை மாற்றக் காரணம் ஆகாது. திறக்காததற்குப் பெரும்பாலும் பெயின்ட் காரணம். விழுவது கயிறு அறுந்ததால். கடகடப்பும் குளிரும் இடைவெளியால். மூன்றும் மலிவாகச் சரியாகும். மாற்றும் அளவுக்குக் கொண்டுபோவது ஈரம் ஒன்றுதான். அது குடியிருக்கும் இடம் ஜன்னலின் அடி. வந்தவர் அங்கே ஒரு திருப்புளியை வைத்துக் குத்திப் பார்த்தாரா என்பதுதான் என் முதல் கேள்வி.

முதலில் அமைப்பு. கண்ணாடி பதித்த இரண்டு கதவுகள், மேல் கதவு வெளிப்பக்கம், கீழ் கதவு உள்பக்கம். இவற்றைத்தான் சாஷ் என்கிறார்கள். இரண்டு பக்கமும் நிலை என்று நாம் நினைப்பது உண்மையில் உள்ளீடற்ற மரப்பெட்டி. அதற்குள் வார்ப்பிரும்பு எடைகள் தொங்குகின்றன. கதவின் பக்கவாட்டில் அடித்த கயிறு, மேலே உள்ள கப்பி வழியாகப் போய் எடையைப் பிடித்திருக்கிறது. ஒரு ஜன்னலுக்கு நான்கு கயிறு, நான்கு எடை. கீழ் கதவை உள்பக்கமாக விழாமல் பிடிப்பது ஸ்டாஃப் பீட். இரண்டு கதவுகளையும் பிரிக்கும் மெல்லிய பட்டை பார்ட்டிங் பீட். அடியில் வெளிப்பக்கம் சரிந்திருக்கும் கனமான கட்டை சில்.

மேல் கதவின் கீழ் மூலைகளில் கொம்பு போல நீண்டிருக்கும் மரம் வெறும் அலங்காரம் இல்லை. 1845இல் கண்ணாடி மீதான தீர்வையும் 1851இல் ஜன்னல் வரியும் நீங்கிய பின் பெரிய கண்ணாடிகள் பரவின. எடை கூடியது, இடையில் தாங்கிய குறுக்குச் சட்டங்கள் போயின. மூலைப் பொருத்து பிளக்காமலிருக்க விட்ட நீட்டம்தான் அந்தக் கொம்பு. யூபிவிசியில் அதை ஒட்டவைத்து விற்பதைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

இப்போது குத்திப் பார்க்கும் வேலை. மழையில்லாத நாளில், சில்லின் முன்விளிம்பு, சில்லும் நிலையும் சேரும் இரண்டு மூலைகள், கீழ் கதவின் அடிச்சட்டம், இந்த இடங்களைத் திருப்புளி நுனியால் அழுத்துங்கள். பெயின்ட் பளபளவென்று இருந்தாலும் அழுத்துங்கள். அடியில் உளுத்த மரத்தைப் பெயின்ட் நன்றாகவே மறைக்கும். நுனி இறங்கவில்லையென்றால் அந்த ஜன்னலை யாரும் கழற்ற வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் பெரும்பாலும் பால்டிக் கரையிலிருந்து வந்த, மெதுவாக வளர்ந்த பைன் மரத்தில் செய்தார்கள். ரேகை நெருக்கமானது. இன்று வேகமாக வளர்த்து வெட்டும் மலிவு மரத்தில் அந்தத் தரம் கிடைக்காது.

கைப்பிடி அளவுக்கு மட்டும் மெத்தென்று இருந்தால் சுரண்டி எடுத்துவிட்டு இரண்டு பாகமாகக் கலக்கும் எபாக்ஸியால் நிரப்பலாம். ஈரமானியில் மரம் 18 சதவீதத்துக்குக் கீழே காட்டிய பிறகுதான். கார் டிங்கரிங்கில் பூசுவது போன்ற பாலியெஸ்டர் பூச்சை இங்கே போடாதீர்கள். அது கல்லாக இறுகிவிடும், மரமோ பருவத்துக்குப் பருவம் உப்பிச் சுருங்கும். ஓரத்தில் விரிசல் விட்டு, அதன் வழியே தண்ணீர் இறங்கி, முன்பைவிட வேகமாக உளுக்கும். அதற்கும் ஆழமாகப் போயிருந்தால் கெட்ட பகுதியைச் சரிவாக வெட்டி எடுத்துப் புது மரத்தை ஒட்டுவது தச்சர் வேலை. சில்லின் முன்பாதியையும் நிலையின் அடிக்காலில் 15, 20 செ.மீ. வரையும் இப்படி மாற்றலாம். ஓக் மரமோ, உளுக்காதபடி பதப்படுத்திய அக்கோயா மரமோ கேளுங்கள். இரண்டு பக்க அடிக்காலும் பின்பலகையும் சேர்ந்து போயிருந்தால்தான் பெட்டியை மாற்றும் பேச்சு. அப்போதும் கதவுகள் நன்றாக இருந்தால் புதுப் பெட்டியில் அவற்றையே தொங்கவிடலாம்.

எது செய்தாலும் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் செய்தால் காசு வீண். சில்லின் அடிப்புறத்தில், முன்விளிம்பை ஒட்டி ஒரு காடி ஓடும். வழியும் நீர் சுவருக்குப் போகாமல் அங்கே சொட்டிவிடும். யாரோ சிமென்ட்டோ சிலிக்கானோ வைத்து அதை அடைத்திருப்பார்கள், அல்லது பெயின்ட் அடுக்கடுக்காக மூடியிருக்கும். அடுத்த சந்தேகம் கண்ணாடியின் அடி ஓரத்தில் அதைப் பிடித்திருக்கும் பட்டி (புட்டி). விரிந்த பட்டிக்குப் பின்னால் மழைநீர் தங்கும். குளிர்காலத்தில் உள்ளே கண்ணாடியில் வியர்க்கும் நீரும் அதே அடிச்சட்டத்தில்தான் வந்து நிற்கும்.

திறக்காத ஜன்னலைத் தூக்கப் பலம் கொடுக்காதீர்கள். இரண்டு கதவுகளும் சந்திக்கும் நடுச்சட்டத்தைப் பிடித்து நெம்பினால் மூலை பிளக்கும், கண்ணாடி உடையும். உள்ளேயும் வெளியேயும் கதவு பீட் பட்டையைத் தொடும் கோடு முழுவதும் கூரிய கத்தியால் கீறி, அடிச்சட்டத்தில் ஒரு மரத்துண்டை வைத்து மெதுவாகத் தட்டினால் போதும். மேல் கதவைப் பலர் நிரந்தரமாகத் திருகாணி போட்டு முடுக்கியிருப்பார்கள், பெயின்ட்டுக்கு அடியில் அதையும் தேடுங்கள். பெயின்ட் என்றதும் ஒரு எச்சரிக்கை: இந்த வயது வீட்டில் ஈயப் பெயின்ட் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்தபடி தேய்க்கக் கூடாது, தீயிலும் வாட்டக் கூடாது. நனைத்துத் தேய்த்து, நுண்தூளைத் தடுக்கும் எஃப்எஃப்பி3 (FFP3) முகக்கவசம் போட்டு, தூளை ஈரத்துணியால் எடுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்த அறையில் வேண்டாம்.

கயிறு மாற்றுவது ஒரு நாள் வேலை, இரண்டு பேர் வேண்டும். ஒன்றுதான் அறுந்தது என்றாலும் நான்கையும் மாற்றுங்கள், மற்ற மூன்றுக்கும் அதே வயதுதான். வீட்டு ஜன்னல்களுக்கு 6 மி.மீ. சாஷ் கயிறு பொதுவாகப் போதும். சாதாரண நைலான் கயிறு இழுபடும், வேண்டாம்.

ஸ்டாஃப் பீடை நடுவிலிருந்து அகல உளியால் நெம்புங்கள். நடு வில்லாக வளைந்ததும் இரண்டு முனையும் தானே விடுபடும். முனையிலிருந்து தொடங்கினால் மூலை சிதையும். கீழ் கதவை உள்ளே சாய்த்து, கயிறு இன்னும் நல்லதாக இருக்கும் பக்கத்தில் கப்பிப் பக்கத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் வெட்ட வேண்டும். விட்டால் எடை பெட்டிக்குள் தடாலென்று விழும். பிறகு பார்ட்டிங் பீட். காடியில் இறுக்கமாக உட்கார்ந்திருப்பதால் பெரும்பாலும் உடையும், புதிதாக வாங்கி வைத்துக்கொண்டே தொடங்குங்கள். அதை எடுத்தபின் மேல் கதவு வரும். நிலையின் கீழ்ப்பகுதியில் பெயின்ட்டுக்குள் ஒரு செவ்வகக் கோடு தெரியும். அதுதான் எடையை எடுக்கும் சிறு கதவு. கோட்டைக் கீறி நெம்பித் திறங்கள்.

இங்கே நிறுத்தி, கதவுகளை எடை போடுங்கள். கதவைப் பிடித்துக்கொண்டு குளியலறைத் தராசில் ஏறி, உங்கள் எடையைக் கழித்தால் போதும். கீழ் கதவுக்கு இரண்டு எடையும் சேர்ந்து கதவைவிட அரை கிலோ போலக் குறைவாக இருக்கவேண்டும், அப்போதுதான் மூடினால் மூடியே இருக்கும். மேல் கதவுக்கு அதே அளவு கூடுதல், இல்லாவிட்டால் தானே இறங்கும். கதவு 12 கிலோ என்றால் கீழே பக்கத்துக்கு 5.75, மேலே பக்கத்துக்கு 6.25. உடைந்த கண்ணாடிக்குப் பதில் தடித்த கண்ணாடி போட்ட ஜன்னல்கள் "கெட்டுப்போவதற்கு" இந்தக் கணக்கு தவறியதே காரணம்.

புதுக் கயிற்றைக் கப்பி வழியாக இறக்க ஒரு மெல்லிய நூலில் வளைத்த ஆணியைக் கட்டி விடுங்கள். இங்குள்ள தச்சர்கள் அதை எலி என்பார்கள். எலியைக் கீழே சிறு கதவு வழியாகப் பிடித்து, நூலின் மறுமுனையில் கயிற்றைக் கட்டி இழுத்தால் வந்துவிடும். நீளம்தான் பலர் தவறுமிடம். கீழ் கதவு சில்லில் உட்கார்ந்திருக்கும்போது எடை கப்பிக்கு 5 செ.மீ. கீழே நிற்கவேண்டும். மேல் கதவு உச்சியில் இருக்கும்போது எடை பெட்டியின் தரையைத் தொடாமல் 5 முதல் 7 செ.மீ. மேலே தொங்கவேண்டும், கயிறு பின்னால் கொஞ்சம் நீளும். ஆணியைக் கதவின் உச்சிவரை அடிக்காதீர்கள். கப்பியின் மையத்திலிருந்து நிலையின் மேல்தலை வரை அளந்து, கதவின் உச்சியிலிருந்து அதே அளவு இறங்கி, அதற்குக் கீழேதான் முதல் ஆணி. மீறினால் ஆணி கப்பியில் மோதி, கதவு முழுதாக ஏறாது. 25 மி.மீ.க்கு மேல் நீளமான ஆணி கண்ணாடியைத் தொடக்கூடும். பெட்டிக்குள் இரண்டு எடைகளையும் பிரித்துத் தொங்கும் மெல்லிய பலகை விழுந்திருந்தால் திரும்ப மாட்டுங்கள், இல்லாவிட்டால் எடைகள் ஒன்றோடொன்று சிக்கும். கதவு வழுக்கும் தடத்தில் பெயின்ட் வேண்டாம், மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும். கயிற்றிலும் பெயின்ட் படக்கூடாது.

கதவுகள் வெளியே இருக்கும்போதே குளிருக்கும் வழி செய்துவிடுங்கள். பழைய பீட்களுக்குப் பதிலாகப் பிரஷ் பதித்த பீட்கள் கிடைக்கின்றன. நடுச்சட்டத்துக்கும் ஒரு பிரஷ் காடி வெட்டலாம். கதவைச் சுற்றி 2 மி.மீ. அளவுக்கு இடைவெளி வேண்டும், அதைவிட இறுக்கினால் ஈரக்காலத்தில் மறுபடி சிக்கும். கடகடப்புக்கு இதுகூடத் தேவையில்லை, ஸ்டாஃப் பீடைக் கதவுக்குக் கொஞ்சம் நெருக்கி அடித்தாலே பாதி நின்றுவிடும்.

இதற்குமேல் கதகதப்பு வேண்டுமென்றால் இரண்டு வழி. உள்பக்கம் இரண்டாவது கண்ணாடிச் சட்டம் போடுவது என் முதல் தேர்வு. சாலைச் சத்தத்துக்கும் அதுவே சிறந்தது, அதற்கு மட்டும் இடைவெளி 10 செ.மீ.க்குக் குறையாமல் விடுங்கள். அப்படிப் போட்டால் வெளி ஜன்னலை முழுக்க அடைக்கக் கூடாது. அதில் காற்று கொஞ்சம் போய்வந்தால்தான் நடுவில் வியர்க்காது. மற்றது, பழைய கதவிலேயே மெல்லிய இரட்டைக் கண்ணாடி. கண்ணாடி ஒரு மி.மீ. தடிப்புக்குச் சதுரமீட்டருக்கு 2.5 கிலோ. 0.56 சதுரமீட்டர் கதவில் 3 மி.மீ. ஒற்றைக் கண்ணாடி 4.2 கிலோ என்றால், 4 மி.மீ. இரண்டு போட்டால் 11.2 கிலோ. பக்கத்துக்கு 3.5 கிலோ எடை கூட்டவேண்டும். இரும்பு அந்தப் பெட்டியில் கொள்ளாவிட்டால் ஈய எடை வாங்கவேண்டும். சாதாரண ஆளிவிதை எண்ணெய்ப் பட்டியை இதற்குப் பூசினால் இரட்டைக் கண்ணாடியின் விளிம்பு அடைப்பை அரித்து உள்ளே பனிமூட்டம் பிடிக்கும். இந்தக் கூடுதல் செலவுகள் மதிப்பீட்டுத் தாளில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

மாற்றியே தீரவேண்டிய ஜன்னல் ஒன்றிரண்டு இருந்தால் சட்டம் நுழைகிறது. இங்கிலாந்தில் 2022 ஜூன் முதல், முழுதாக மாற்றும் ஜன்னலின் யூ மதிப்பு (வெப்பம் வெளியேறும் அளவு) 1.4க்குள் அல்லது ஆற்றல் தரவரிசை குறைந்தது பி ஆக இருக்கவேண்டும். ஃபென்சா போன்ற, ஜன்னல் பொருத்துவோருக்கான திட்டத்தில் பதிந்தவர் செய்தால் சான்று அவரே தருவார், இல்லையென்றால் கவுன்சிலுக்கு நீங்கள் விண்ணப்பிக்கவேண்டும். வீட்டை விற்கும்போது வக்கீல் கேட்கும் தாள் அது. வரலாற்று மதிப்புக்காகப் பட்டியலிட்ட கட்டடத்தில் அனுமதியில்லாமல் மாற்றுவது குற்றம். பழைய தோற்றம் காக்கும் பாதுகாப்புப் பகுதியில், ஜன்னல் மாற்றவும் அனுமதி கேட்கவைக்கும் ஆர்ட்டிகிள் 4 ஆணை இருக்கிறதா என்று கவுன்சில் தளத்தில் பாருங்கள். வீடு இரண்டாகப் பிரித்த ஃபிளாட் என்றால் திட்ட அனுமதியோடு நில உரிமையாளரின் சம்மதமும் வேண்டியிருக்கலாம். லீஸ் பத்திரத்தில் ஜன்னல் யாருடையது என்பதை முதலில் படியுங்கள்.

தொடங்கும்போது வீட்டின் பின்பக்க, தரைத்தள ஜன்னல் ஒன்றை மட்டும் எடுங்கள். திறப்பின் அளவுக்கு ஒரு பிளைவுட் பலகையை முன்பே வெட்டி வைத்திருங்கள். அடிச்சட்டம் எதிர்பாராமல் இற்றுப்போயிருந்தால் அன்று மாலைக்குள் கதவு திரும்ப ஏறாது, மூடாத ஜன்னலோடு யாரும் தூங்க முடியாது.